பதினோரு வாய்தா

மேற்கு மாரெட்பள்ளி,
செகந்திராபாத்.
12-6-2023

அன்புள்ள லலிதாவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான், வினய், மருமகள் ரஞ்சனா, குழந்தை அக்ஷதா நால்வரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? காதுக்கு வினய் அனுப்பிய மிஷினைப் போட்டுக்கொள்கிறாயா, இல்லை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாயா? நீ அதைப் போட்டுக்கொண்டால் நாம் போனிலேயே பேசலாம். எண்பத்தொரு வயதில் தபால் பெட்டியைத் தேடிக்கொண்டு நான் ரோட்டைக் கடக்க வேண்டியிருக்காது.

அக்ஷதாவிடம் தமிழில் எதைக் கேட்டாலும் "நக்கோ தாத்தா", வேண்டாமாம், ஓடிவிடுகிறாள். நாற்பத்தைந்து வருஷம் கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்தவனுக்கு ஆறு வயதுப் பெண்ணிடம் ஒரு முழு வாக்கியம் வாங்க முடியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர் வக்கீல் சங்கத்துக்கு நூறு வயது ஆகிறதாம். மலர் போடுகிறார்கள். என் வாழ்க்கையைப் பற்றி நாலு பக்கம் கேட்டிருக்கிறார்கள். உட்கார்ந்து எழுதினால் ஒரு பக்கத்தில் முடிந்துபோகிறது. 1967-ல் கறுப்புக் கோட்டை சைக்கிள் கேரியரில் மடித்து வைத்துக்கொண்டு போனது, கோர்ட் வேப்பமரத்தடியில் கட்சிக்காரருக்காக மூன்று மாதம் நின்றது, முதல் கேஸாக ஒரு எருமை வேலி தாண்டி வந்தது. ஹைகோர்ட் வாசலை மிதித்ததில்லை. என் பெயரில் பெரிய தீர்ப்பு ஒன்றும் இல்லை.

பெருமையாகச் சொல்ல ஒன்றுதான் உண்டு. என்னிடம் வந்த புருஷன் பெண்டாட்டி வழக்கு எதையும் தீர்ப்பு வரை நான் போக விட்டதில்லை. என் வழி உனக்குத் தெரியும். வாய்தா வாங்குவேன். விசாரணையைத் தள்ளிப்போடத் தள்ளிப்போடக் கோபம் ஆறும். ஏழாவது எட்டாவது வாய்தாவில் புருஷன்காரன் தானாக வந்து, "கூட்டிக்கினு போறேன் சார்" என்பான். ராஜி மனு எழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கி, ஒரே பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவேன். ஊரில் என்னை வாய்தா வக்கீல் என்று கேலி செய்தார்கள். கேலி செய்தவர்கள் வீட்டுப் பெண்களையும் நான்தான் சேர்த்து வைத்தேன்.

அப்படி எத்தனை குடும்பம் என்று மலரில் போட வேண்டும். நம் வீட்டு மாடி அறையில் பழைய வழக்குக் கட்டுகள் இருக்கின்றன. நூர் முகமதுவுக்கு எழுதியிருக்கிறேன். முப்பத்தெட்டு வருஷம் எனக்குக் குமாஸ்தாவாக இருந்தவர், அட்டையைப் பார்த்தே சொல்வார். கூட இருந்து எண்ணி எழுது. பிரித்துப் பார்க்க வேண்டாம்.

உன் அண்ணன்,
வரதராஜன்

*

மேலாற்றூர்,
24-6-2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

லலிதா வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். முழங்கால் மட்டும் சுகமில்லை, அது தனி ஆள் மாதிரி நடந்துகொள்கிறது. காது மிஷினைப் போட்டுக்கொண்டேன். பக்கத்து வீட்டு மிக்ஸி என் தலைக்குள் ஓடியது. எடுத்து வைத்துவிட்டேன். உங்கள் சர்க்கரை எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லை. அப்படியென்றால் கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

வியாழக்கிழமை நூர் பாய் வந்தார். எழுபத்தெட்டு வயதில் மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க, "வக்கீலய்யா கோர்ட்டுக்குப் போற மாதிரியே இருக்குதும்மா" என்றார். கிழக்குச் சுவர் ஓரம் முழுக்கக் கரையான். உங்கள் எருமை மாட்டு வழக்கை அது தின்றுவிட்டது. கல்யாண வழக்குகள் தப்பித்தன. இரண்டு நாள் எண்ணினோம். முந்நூற்று எண்பத்தெட்டு.

எண்பத்தொன்பதாவது ஒன்று இருந்தது. நூர் பாய் அதைக் கையில் எடுத்தவர், எண்ணாமல் தன் துண்டுக்குக் கீழே வைத்துக்கொண்டார். எனக்குக் காதுதான் கேட்காது, கண் நன்றாகத் தெரியும். துண்டை எடுத்தேன். அட்டையில் உங்கள் கையெழுத்தில் "குமரவேல் – லலிதாம்பாள்" என்று இருந்தது.

என் பெயரில் ஏது வழக்கு? நான் எந்தக் கோர்ட்டுக்குப் போனேன்? கேட்டேன். "அத மட்டும் அய்யாவக் கேளுங்கம்மா, என்னை விட்டுடுங்க" என்று கை கூப்பிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டார். டீ கூடக் குடிக்கவில்லை.

கட்டைப் பிரிக்கவில்லை. பிரிக்க வேண்டாம் என்று நீங்கள் எழுதியிருந்ததால் பீரோவில் வைத்திருக்கிறேன். அது என்ன என்று எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
லலிதாம்பாள்

*

மேற்கு மாரெட்பள்ளி,
20-7-2023

அன்புள்ள லலிதாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. இங்கே போனாலு திருவிழா, தெருவெங்கும் தப்பட்டைச் சத்தம். உன் காது இங்கே இருந்தால் எவ்வளவு நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மழை. வெளியே காலை வைக்க முடியவில்லை. சர்க்கரை நூற்று எண்பது. ரஞ்சனா சோற்றை அளந்து போடுகிறாள், ஜப்தி அமீனாவுக்குக்கூட இவ்வளவு கறார் கிடையாது.

முந்நூற்று எண்பத்தெட்டு என்று மலருக்கு எழுதி அனுப்பிவிட்டேன். எண்ணியதற்கு நன்றி. நூர் முகமதுவுக்கு ஒரு நல்ல லுங்கி வாங்கிக் கொடு.

அந்த இன்னொரு கட்டு ஒன்றுமில்லை, பழைய காகிதம். ஆறின கஞ்சி பழங்கஞ்சி. தீபாவளிக்கு நான் ஊருக்கு வரும்போது நேரில் சொல்கிறேன். அதுவரை அது பீரோவிலேயே இருக்கட்டும்.

அக்ஷதாவுக்கு ஒரு பல் விழுந்துவிட்டது.

உன் அண்ணன்,
வரதராஜன்

*

மேலாற்றூர்,
28-7-2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிந்தேன், குழந்தையின் பல் முதற்கொண்டு.

கேட்டது ஒன்று, நீங்கள் சொன்னது வேறு. சாட்சிக் கூண்டில் யாராவது இப்படிச் சொன்னால் நீங்கள் விட்டிருப்பீர்களா? தீபாவளி வரை பொறுக்க என்னால் ஆகாது. பிரித்துவிட்டேன்.

அண்ணா, 1975 மார்ச்சில் அவர் மனுப் போட்டிருக்கிறார். லாலாகுடா ரயில்வே பட்டறை ஃபிட்டர் குமரவேல், மனுதாரர். எதிர்மனுதாரர் நான். மனைவியைத் தன்னோடு வாழ அனுப்பிவைக்க உத்தரவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அதில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீங்களும் ஒரு தடவை படியுங்கள்.

"குழந்தை இறந்து பிறந்த சமயத்தில் ரயில்வே வேலைநிறுத்தத்தின் காரணமாக நான் இருபத்திரண்டு நாள் சிறையில் இருந்தேன். செய்தி எனக்கு வெளியே வந்த பிறகே தெரியும். என் மனைவியின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை."

சிறையில் இருந்தாரா? பிரசவத்துக்கு வந்து, பிள்ளையைப் புதைத்துவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேனே. ரயில் ஓடவில்லை என்று சொன்னார்கள். அவர் சிறையில் இருந்தார் என்று யாரும் சொல்லவில்லையே.

அதற்குக் கீழே என் பதில் இருக்கிறது. "மனுதாரருடன் சேர்ந்து வாழ எனக்கு விருப்பமில்லை. அவர் முகத்தைப் பார்க்கவும் விரும்பவில்லை." கீழே என் கையெழுத்து. அது என் கையெழுத்துதான். டீச்சர் வேலைக்கு மனுப் போட வேண்டும் என்று சொல்லி அடுப்படியில் வைத்து நாலு வெற்றுத் தாளில் வாங்கிக்கொண்டு போனீர்களே, அது. எல்லாக் கட்சிக்காரர்களிடமும் முதல் நாளே வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி வைப்பது உங்கள் வழக்கம். நானும் உங்களுக்குக் கட்சிக்காரி ஆகிவிட்டேன் போலிருக்கிறது.

பதினோரு வாய்தா. தேதிகளை வரிசையாக எழுதி வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே "மனுதாரர் ஆஜர்" என்று இருக்கிறது. அவர் செகந்திராபாத்திலிருந்து காட்பாடி வரை ரயிலில் வந்து, பஸ் பிடித்து, கோர்ட்டில் நின்றிருக்கிறார். நான் கோர்ட்டுக்கு அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒரே கேள்விதான். அவர் என்னைக் கூப்பிட்டாரா? ஆமாம் அல்லது இல்லை. வக்கீல் பதில் வேண்டாம்.

லலிதாம்பாள்

*

மேற்கு மாரெட்பள்ளி,
2-9-2023

அன்புள்ள லலிதாவுக்கு,

நலம். உன் நலத்தைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

ஆமாம். கூப்பிட்டார்.

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். அந்தக் கட்டை உன் கண்ணில் படாமல் எடுத்துவிடும்படி நூர் முகமதுவுக்கு எழுதியிருந்தேன். பாவம், துண்டால் மறைக்கப் பார்த்திருக்கிறார். நாற்பத்தெட்டு வருஷம் நான் மறைத்தது அந்தத் துண்டுக்கு அடங்குமா?

நீ இருபத்திரண்டு வயதில் பச்சை உடம்போடு படுத்திருந்தாய். பிள்ளையை நான்தான் கையில் ஏந்திக்கொண்டு போனேன். அவர்கள் வீட்டிலிருந்து ஒரு ஆள் இல்லை. அன்றைக்கு மனதில் ஒரு கல் விழுந்தது. ஜூன் மாதம் மாப்பிள்ளை வந்தார். நீ உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாய். வாசலிலேயே நிறுத்தி, "பெரியவங்கள அழைச்சிக்கினு வந்து முறையாக் கேளு" என்றேன். சிறையில் இருந்ததை அவர் சொல்லவில்லை. நான் சொல்ல விடவில்லை என்பதுதான் சரி. மறு வருஷம் மனு வந்தபோதுதான் எனக்கும் தெரியும்.

அப்போதாவது உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு என் வழிதான் தெரியும். வேண்டாம் என்று ஒரு பதிலைப் போட்டு, ஏழெட்டு வாய்தா வாங்கினால் மனுஷன் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் கேட்பார், கௌரவமாக அனுப்பி வைக்கலாம் என்று நினைத்தேன். ஊரில் எல்லோருக்கும் அப்படித்தானே நடந்தது? அவர் ஒவ்வொரு தடவையும் வந்தார். வேப்பமரத்தடியில் நின்றார். என்னிடம் வரவில்லை. அடுத்த தடவை வருவார் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். பன்னிரண்டாவது தேதிக்கு அவர் வரவில்லை.

அன்றைக்குத்தான் உன்னிடம், "அவங்களுக்கு நீ வேணாமாம், விட்டுடு" என்று சொன்னேன். நீ சரியென்று தலையை ஆட்டிவிட்டு நோட்டுப் புத்தகங்களைத் திருத்த உட்கார்ந்தாய். அந்தத் தலையாட்டலை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

உன் அண்ணன்,
வரதராஜன்

*

மேலாற்றூர்,
9-9-2023

அண்ணா,

நலம் என்றே எழுதுகிறேன். எழுதிப் பழகிவிட்டது.

ஊரான் வீட்டுப் பெண்களையெல்லாம் பஸ் ஏற்றி அனுப்பினீர்கள். முந்நூற்று எண்பத்தெட்டு பேர் புருஷன் வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகளுக்கு நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உங்கள் வழி அவர்களுக்குப் பலித்தது, எனக்கு மட்டும் பலிக்கவில்லை என்பது போல எழுதியிருக்கிறீர்கள். அது பொய் அண்ணா. அந்தப் பெண்களுக்குத் தங்கள் வழக்கு நடப்பது தெரியும். எட்டாவது வாய்தாவில் மனம் மாறியது புருஷன் மட்டுமா? அவளும் மரத்தடியில் நின்று அவனைப் பார்த்தாள். என்னை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டு, என் வாயால் நீங்கள் பேசினீர்கள்.

என் திமிரும் இதில் உண்டு. அவர் வரட்டும் என்று ஒரு வரி எழுதாமல் இருந்தேன். வேண்டாமாம் என்று நீங்கள் சொன்னதும், எனக்கும்தான் வேண்டாம் என்று பல்லைக் கடித்தேன். அதற்கு உரிய தண்டனையை வாங்கிக்கொள்கிறேன். ஆனால் என்னை வேண்டாம் என்று தள்ளியவர் என்று நினைத்து நாற்பத்தைந்து வருஷம் ஒரு மனுஷரை வைதேனே, அதை எங்கே கொண்டுபோய் இறக்குவது? ஆரத்தி எடுக்க என்னைக் கூப்பிடாத ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அவரைத்தான் வைதேன். உங்களை வைய வேண்டியதையெல்லாம் அவர் வாங்கிக்கொண்டார்.

இன்னொன்று கேட்கிறேன். நீங்கள் ஆறு வருஷமாக மாரெட்பள்ளியில் இருக்கிறீர்கள். நான் இரண்டு வருஷம் குடித்தனம் செய்த ஊர் அது. லாலாகுடா அங்கிருந்து எத்தனை தூரம் என்று எனக்குத் தெரியும். அவர் இருக்கிறாரா?

லலிதாம்பாள்

*

மேற்கு மாரெட்பள்ளி,
19-10-2023

அன்புள்ள லலிதாவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். உடம்பு சரியில்லை என்று எழுத நினைத்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

இருக்கிறார்.

2018-ல் கிருத்திகை அன்று முருகன் கோயிலில் பார்த்தேன். அவர்தான் முதலில் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "வக்கீல் சார்தானே?" என்றார். மச்சான் என்று கூப்பிட்ட வாய் அது. நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டேன். "ஹவ், ஆமா, நல்லா இருக்கேன். லலிதா சௌக்கியமா?" என்று கேட்டார். ஹெட்மிஸ்ட்ரஸாக ரிட்டயர் ஆனாய் என்று சொன்னேன். முகம் அப்படி மலர்ந்தது. "அவ கணக்குல புலி" என்றார்.

அதிலிருந்து மாதம் ஒரு தடவை பார்க்கிறேன். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. தங்கை மகன் பிரசன்னாவின் குடும்பத்தோடு லாலாகுடாவிலேயே இருக்கிறார். ஒரு நாள் அவராகவே சொன்னார்: "கோர்ட்ல அவ எழுதிக் குடுத்தத வாசிச்சாங்க சார். மூஞ்சியப் பாக்கவும் இஷ்டமில்லன்னு. அப்புறமும் பத்து தடவ வந்தேன். அவ வேணான்னதுக்கப்புறம் கட்டாயப்படுத்தி இஸ்துக்கினு வந்து என்னா வாழ்க்கை? விட்டுட்டேன்."

அதை எழுதியது நான் என்று அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். பிரசாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டு நின்றேன்.

செப்டம்பரிலிருந்து அவருக்கு நுரையீரலில் கோளாறு. பட்டறைத் தூசி என்கிறார்கள். நடமாட்டம் குறைந்துவிட்டது. நீ வந்து பார்க்க வேண்டும். ஆனால் உடனே வேண்டாம். வினய் வீட்டுக்கு வர்ணம் அடிக்கிறான், தீபாவளிக் கூட்டத்தில் டிக்கெட்டும் கிடைக்காது. நவம்பர் இருபதுக்கு மேல் வா. அதற்குள் நான் அவர் மனதைப் பக்குவப்படுத்தி வைக்கிறேன். திடீரென்று சொன்னால் தாங்க மாட்டார்.

உன் அண்ணன்,
வரதராஜன்

*

மேலாற்றூர்,
25-10-2023

அண்ணா,

நான் நலம். அவருக்கு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

இன்னொரு வாய்தா எனக்கு வேண்டாம். பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த கனகவல்லி தன் போனில் டிக்கெட் போட்டுவிட்டாள். நவம்பர் எட்டாம் தேதி காட்பாடியில் ஏறுகிறேன். அதற்கு முன்னால் எந்த ரயிலிலும் இடம் இல்லை, இருந்திருந்தால் இன்றைக்கே ஏறியிருப்பேன். வர்ணம் அடித்தால் அடிக்கட்டும், நான் தரையில் படுத்துக்கொள்கிறேன்.

எழுபத்தொரு வயதில் எனக்கு வெட்கமாக இருக்கிறது, உங்களிடம் சொல்கிறேன். காது மிஷினை எடுத்துப் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன். அவர் பேசினால் கேட்க வேண்டும். இரண்டு நாளாகக் காகத்தின் சத்தம் கேட்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே லாலாகுடாவுக்குப் போங்கள். பக்குவப்படுத்த வேண்டாம், நல்ல நேரம் பார்க்க வேண்டாம். "அதை எழுதினது நான், லலிதாவுக்குத் தெரியாது" என்று சொல்லுங்கள். வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நான் வருவதைக்கூடச் சொல்லாவிட்டால் போகிறது. முகத்தைப் பார்க்கவும் விரும்பவில்லை என்று சொன்னவளாக நான் அவர் மனதில் இன்னும் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது.

கெஞ்சிக் கேட்கிறேன். அன்றே போங்கள்.

உங்கள் தங்கை,
லலிதாம்பாள்

*

மேற்கு மாரெட்பள்ளி,
6-11-2023

அன்புள்ள லலிதாவுக்கு,

வினய் கனகவல்லியின் போனுக்கு அனுப்பிய செய்தியை நீ பார்த்துவிட்டாய் என்றும், டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னாய் என்றும் அவள் எழுதியிருந்தாள். சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா?

மாப்பிள்ளை இரண்டாம் தேதி வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் போய்விட்டார். மூச்சுத் திணறல். ரொம்ப நேரம் கஷ்டப்படவில்லை என்று பிரசன்னா சொன்னான். எனக்கு வெள்ளிக்கிழமைதான் சேதி வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் கிடத்தியிருந்தார்கள். பட்டறையில் கூட வேலை செய்த கிழவர்கள் பத்துப் பேர் வந்திருந்தார்கள். எல்லாம் முறையாக நடந்தது. பிரசன்னா கொள்ளி வைத்தான்.

மறுநாள் பிரசன்னா என்னைக் கூப்பிட்டு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினான். ரயில்வே பாஸ்கள். வருஷத்துக்கு ஒன்று, செகந்திராபாத்திலிருந்து காட்பாடிக்கு. ரிட்டயர் ஆன பிறகும் வாங்கியிருக்கிறார். எல்லாவற்றிலும் தனக்கும் மனைவிக்கும் என்று எழுதி வாங்கியிருக்கிறார். மனைவி என்ற இடத்தில் உன் பெயர். ஒன்றுகூட உபயோகப்படுத்தாமல் காலாவதியாகியிருக்கிறது. அவன், "மாமா, போகாத ஊருக்கு எதுக்குப் பாஸ்னு கேப்பேன். இருக்கட்டும்டா, எப்பவாவது கூப்பிட்டா உடனே போணும் இல்லியான்னு சொல்வாரு" என்றான்.

இதையெல்லாம் உனக்கு எழுத வேண்டுமா என்று யோசித்தேன். மறைப்பது போதும் என்று எழுதிவிட்டேன்.

உன் அண்ணன்,
வரதராஜன்

*

மேலாற்றூர்,
12-11-2023

அண்ணா,

இன்று தீபாவளி. தெருவில் பட்டாசு வெடிக்கிறது என்று நினைக்கிறேன், மிஷினைக் கழற்றி வைத்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. கிழவர்கள் பத்துப் பேர் வந்ததை எழுதியிருக்கிறீர்கள். பாஸ்களை எழுதியிருக்கிறீர்கள். மறைப்பது போதும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்ட ஒன்றை மட்டும் எழுதவில்லை.

என் கடிதம் உங்களுக்கு என்றைக்குக் கிடைத்தது? அவரிடம் சொன்னீர்களா?

இன்னொன்று. இது வக்கீலிடம் கேட்கும் கேள்வி. பன்னிரண்டாவது தேதிக்கு அவர் வராமல் போனதும் கோர்ட்டு என்ன செய்தது? எங்களை வெட்டிவிட்டதா? அந்தக் கட்டின் கடைசித் தாள்களை மட்டும் கரையான் அரித்திருக்கிறது. நாற்பத்தொன்பது வருஷம் கழுத்தில் தாலியோடு இருந்துவிட்டேன், என்ன உரிமையில் என்று தெரியாமலே. அவருக்காகத் தலை முழுகலாமா கூடாதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நான் அவருக்கு யார்?

லலிதாம்பாள்

*

மேற்கு மாரெட்பள்ளி,
20-11-2023

அன்புள்ள லலிதாவுக்கு,

உன் கடிதம் அக்டோபர் 31, செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கிடைத்தது. படித்தேன். சட்டையைப் போட்டுக்கொண்டேன். ஆட்டோவில் பத்து நிமிஷம்தான். செவ்வாய்க்கிழமை ஆயிற்றே என்று உட்கார்ந்தேன். புதன்கிழமை காலை மறுபடியும் சட்டையைப் போட்டேன். நீ நேரில் நிற்கும்போது இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு சொல்லிவிடலாம், நோயாளி அதிர்ச்சி தாங்க மாட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வியாழக்கிழமை அவர் போய்விட்டார்.

சொல்லவில்லை, லலிதா. அவருக்குத் தெரியாது.

நோயாளி, அதிர்ச்சி எல்லாம் பொய். பயந்தேன். "ஏன் வக்கீல் சார் இப்படிப் பண்ணீங்க?" என்று அவர் அந்த அடங்கின குரலில் கேட்டால் நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வேன்? அந்தப் பயம்தான். ஊரார் கோபத்தை ஆற வைக்க வாய்தா வாங்குகிறேன் என்று ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் விஷயத்தில் அது என் கோழைத்தனம். இதை ஒப்புக்கொள்ள எனக்கு எண்பத்தொரு வயதாயிற்று, இரண்டு பேருடைய வாழ்க்கையும் செலவாயிற்று.

உன் கேள்விக்குப் பதில். கோர்ட்டு உங்களை வெட்டவில்லை. மனுதாரர் வராததால் மனுவைத் தள்ளுபடி செய்தது, அவ்வளவுதான். அவரும் விவாகரத்துக் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. 1972-ல் கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த நவம்பர் இரண்டாம் தேதி காலை ஏழு மணி வரை நீ அவர் மனைவி. சட்டப்படியும் அதுதான். அவர் எழுதி வாங்கிய பாஸ்களின்படியும் அதுதான்.

வேறு எதையும் கேட்க எனக்கு உரிமை இல்லை.

வரதராஜன்

*

மேலாற்றூர்,
27-11-2023

அண்ணா,

கடிதம் கிடைத்தது. நீங்கள் அவரிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தபால்காரரைப் பார்த்ததும் சொல்லியிருப்பீர்களோ என்று ஒரு நப்பாசை வந்தது. படித்துவிட்டு வாய்விட்டு அழுதேன். என் அழுகை எனக்கே கேட்காது, தெருவுக்குக் கேட்டிருக்கிறது.

மன்னித்துவிட்டேன் என்று எழுத முடியவில்லை. மன்னிக்க வேண்டியது நான் மட்டும் இல்லையே, அவரும்தானே? அவரிடம் கேட்க வழியில்லாமல் செய்துவிட்டீர்கள். உங்களை விட்டால் எனக்கும் யாரும் இல்லை. அதனால் கோபத்தையும் முழுதாக வைத்துக்கொள்ள முடியவில்லை. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை. அடுத்த கடிதத்தில் வரலாம்.

லாலாகுடாவில் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருக்கும். நான் உங்கள் கடிதம் வந்த பிறகு நேற்றுத்தான் தலை முழுகினேன். இலை போட்டு, சோறு வைத்து, விளக்கேற்றி உட்கார்ந்தேன். அழுகைச் சத்தம் கேட்டதிலிருந்து கனகவல்லி தினமும் வருகிறாள். நேற்றும் வந்தாள். வினய் அனுப்பிய செய்தியில் வெறும் பெயர்தான் இருந்தது. இலையைப் பார்த்துவிட்டு, யாருக்கு என்று சைகையில் கேட்டாள். மிஷினைப் போட்டுக்கொண்டேன்.

"என் வீட்டுக்காரருக்கு" என்றேன். அந்த வார்த்தையை இந்த ஊரில் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "எப்படி இருப்பாரு டீச்சர்?" என்று கேட்டாள்.

"இருபத்தெட்டு வயசுல எப்படி இருப்பாருன்னு கேளு, சொல்றேன்" என்றேன்.

லலிதாம்பாள் குமரவேல்